மாப்பிள்ளை போட்ட காவல்

என் அம்மா திட்டாத ஒரே ஆள் என் கணவர்தான். மற்ற எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. நூல் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், தையல் இயந்திரம், மழை, நான். எனக்குக் கிடைத்ததை மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்நேரம் நாலு பாகம் வந்திருக்கும். இவரிடம் மட்டும், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, ஃபேன் போடட்டுமா மாப்பிள்ளை" என்று வாயில் தேன் ஒழுகும். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. இன்னும் இவருக்கு மட்டும் சாசர் வைத்த கப்பில்தான் டீ வரும்.

இதெல்லாம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?"

"ஏன், மரியாதை பத்தலையா?"

"அதான் ரொம்ப இருக்கே. உன்னைத் திட்டுறப்ப அவங்க குரல்ல ஒரு உரிமை இருக்கு. என்கிட்ட பேசுறப்ப பேங்க்ல பேசுற மாதிரி பேசுறாங்க."

திட்டு வேண்டும் என்று கேட்கிற மனிதரை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். வேண்டுமானால் என் பங்கில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, போர்வையின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.

அம்மா இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களின் தையற்கூடங்களில் வேலை பார்த்தாள். போன வருடம்தான் சொந்தமாகக் கடை போட்டாள். இரண்டே அறை. முன்னறையில் எம்பிராய்டரி இயந்திரமும், அதை ஓட்டுகிற கணினியும். பின்னறையில் நீள மேசையும், துணி வெட்டுகிற இயந்திரமும், அதை ஓட்டுகிற கட்டிங் அக்காவும். இரண்டு இயந்திரத்துக்கும் அந்த ஒரே கணினிதான். கட்டிங் அக்கா ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவு செய்ய மாட்டார். நான் மதியம்வரை அங்கே இருப்பேன். தைத்த துணியில் தொங்குகிற நூலை வெட்டி, தேய்த்து, மடித்து வைப்பது என் வேலை.

அந்தக் கடைக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு மருத்துவமனையின் நர்ஸ்களுக்கு நூற்றிருபது வெள்ளைக் கோட்டு. ஒவ்வொன்றிலும் பாக்கெட்டுக்கு மேலே மருத்துவமனையின் சின்னம், சரியாக இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீலச் சுடர். அன்றைக்கு மாலை நாலு மணிக்குத் தலைமை நர்ஸே வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். சரக்கு சுத்தமாகவும் நேரத்துக்கும் இருந்தால், வருடம் முழுக்க அந்த மருத்துவமனையின் மொத்தத் தையலும் அம்மாவுக்கு. இல்லையென்றால், அம்மா கடைசியாக வேலை பார்த்த தையற்கூடத்துக்கு. அம்மாவின் தூக்கம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் காதுக்கும் அதே ஒரு வாரமாக ஓய்வில்லை.

காலை ஒன்பதரை மணிக்கு நூற்றியெட்டு கோட்டு முடிந்திருந்தது. பாக்கி பன்னிரண்டு. ஒரு சுடருக்கு ஆறு நிமிடம். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்து அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவள். அந்த ஒன்பதரைக்குத்தான் மின்சாரம் போனது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து நான் இன்னும் வீட்டில்தான் இருந்தேன். அம்மா போனில், "கரெண்டு போயிட்டு வந்துச்சுடி, கம்ப்யூட்டர் அணைஞ்சிருச்சு, சீக்கிரம் வா" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் கணவர் அன்று விடுப்பில் இருந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததுமே நான் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தேன்.

"அத்தைகிட்ட சொல்லு, நான் வரேன்."

அவர் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் போகக் கூடாது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஒரு பயிற்சி மையத்தில் முப்பது கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். படிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அந்த முப்பதையும் குட்டிச்சுவராக்கிவிட்டுப் போவார்கள். அதனால் அங்கே எல்லாவற்றிலும் ஒரு காவல் புரோகிராம் போட்டிருக்கிறார். யார் என்ன மாற்றினாலும் சரி, கணினியை அணைத்துப் போட்டால் அது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடும். திரையில் அது இருப்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. அம்மா கடை திறந்த அன்று இவர்தான் கணினியைக் கொண்டுவந்து வைத்தார். கைப்பழக்கத்தில் அதிலும் அந்தக் காவலைப் போட்டுவிட்டு மறந்துபோனார்.

கடை திறந்த அன்று துணி வெட்டுகிற இயந்திரம் மட்டும்தான் இருந்தது. அதன் சாஃப்ட்வேர் எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அங்கே தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்களாம், கமா போடுவார்களாம். உள்ளே வந்ததும் வராததுமாக மொத்தக் கணினியையும் அது தன் பழக்கத்துக்கு மாற்றிவிட்டது. காவல் புரோகிராம் அந்த நிலையைத்தான் மனதில் வாங்கிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து எம்பிராய்டரி இயந்திரம் வந்தது. அதன் சாஃப்ட்வேருக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். கமா ஆட்சியில் புள்ளியைப் பார்த்தால் அதற்குக் கண் தெரியாது. இரண்டரை என்று நாம் புள்ளி வைத்துக் கொடுத்தால், இருபத்தைந்து என்று படித்துக்கொள்ளும். இரண்டு சம்பந்தியை ஒரே வீட்டில் குடிவைத்த கதைதான். ஒருவர் மாற்றி வைத்ததை இன்னொருவர் மாற்ற, நடுவில் கணினியின் அமைப்பு எல்லாம் கலைந்து கிடந்தது.

இயந்திரத்தைப் பொருத்த வந்த மெக்கானிக் அரை நாளில் இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டார். "காவல் புரோகிராம எடுத்துட்டா ஒரு பிரச்சனையும் இல்லம்மா" என்றார்.

அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "அது மாப்பிள்ளை போட்டது."

"அப்ப அவரையே எடுக்கச் சொல்லுங்க."

"நீங்க போட்டது தப்புன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்பட மாட்டாரா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் எம்பிராய்டரி சாஃப்ட்வேரை மட்டும் காவலின் கை எட்டாத இன்னொரு டிரைவில் போட்டு, ஒரு நோட்டில் பதினோரு படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கணினி அணைந்து எழுந்தால் ஒன்றிலிருந்து பத்துவரை செய்து எம்பிராய்டரி சாஃப்ட்வேரின் அமைப்பைத் திரும்பப் போட வேண்டும். பதினோராவது படியில் இரண்டு சாஃப்ட்வேருக்கும் சமாதானம் செய்து வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அன்றிலிருந்து அம்மா கணினியை அணைப்பதே இல்லை. சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். டிசைன்கள் இருக்கிற பென்டிரைவ், சாவிக்கொத்தோடு கழுத்தில் தொங்கியது. என் கணவர் ஒருமுறை ஏன் என்று கேட்டார். "பத்திரமா இருக்கட்டும்னுதான் மாப்பிள்ளை" என்று மென்று முழுங்கினாள். என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள், இவரிடம் மூச்சு விடக் கூடாது என்று. ஒரு மாப்பிள்ளையின் மனம் நோகாமல் இருக்க மூன்று பெண்கள் எட்டு மாதமாகப் பதினோரு படி ஏறிக்கொண்டிருந்தோம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சத்தியம் செய்துவிட்டேனே, என்ன செய்ய?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா நோட்டை விரித்து நாலாவது படியில் இருந்தாள். மாப்பிள்ளை தலையைப் பார்த்ததும் நோட்டு துணிக்குள் போய்விட்டது.

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை சிரமப்பட்டு. லீவு நாள்ல வீட்டுல படுத்திருக்கலாம்ல."

"இதுல என்ன அத்தை சிரமம். எழுந்திருங்க, நான் பாத்துக்கிறேன்."

அம்மா எழுந்தாள். எழுந்திருக்காமல் என்ன செய்வாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, முதல் வேலையாக ஒரு கோட்டை மாட்டி ஓட்டிப் பார்த்தார். ஊசி கடகடவென்று ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா எப்போதும் துணியை இறுக்கிப் பிடிக்கிற பெரிய சட்டத்தில்தான் கோட்டை மாட்டுவாள், அதனால் தடுக்கவும் எதுவும் இல்லை. நிறுத்தச் சொல்ல அம்மாவின் வாய் மூன்று முறை திறந்து மூன்று முறையும் மூடியது. இவர் நிறுத்துகிறபோது கழுத்திலிருந்து வயிறுவரை நீலச் சுடர் படர்ந்து, கோட்டே தீப்பிடித்து எரிந்தது.

கட்டிங் அக்கா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நர்ஸுக்கா, ஃபயர் சர்வீஸுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றைய இருபதில் மூன்று அங்கேயே போனது. நல்லவேளை, அம்மா எப்போதும் இரண்டு கோட்டு கூடுதலாகத் தைத்து வைப்பாள்.

இவர் வேலை தெரியாதவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பத்தே நிமிடத்தில் புள்ளி, கமா விவகாரத்தைப் பிடித்துவிட்டார். எம்பிராய்டரி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பதினொன்றரைக்கு ஒரு துண்டுத் துணியில் ஓட்டினார். இரண்டரை சென்டிமீட்டர் சுடர், அச்சு அசலாக வந்தது. அம்மா பெருமூச்சு விட்டு, கோட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இருங்க அத்தை. ஒரு ரீஸ்டார்ட் பண்ணி பாத்துடலாம்."

"எதுக்கு மாப்பிள்ளை? நல்லாத்தானே ஓடுது."

"ரீஸ்டார்ட் பண்ணி ஓடினாத்தான் சரியானதா அர்த்தம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒரு நாள் அப்படியே ஓட்டிட்டு, நாளைக்கு நிதானமா பண்ணலாமேங்க" என்றேன்.

"அரைகுறையா விட்டுட்டுப் போனா நான் எதுக்கு வந்தேன்?"

பிளாஸ்திரியைப் பிய்த்தார். அணைத்துப் போட்டார். காவல்காரர் தன் கடமையைச் செய்தார். இருபத்தைந்து சென்டிமீட்டர்.

பன்னிரண்டேகாலுக்கு இன்னொரு வழியில் சரி செய்தார். அணைத்துப் போட்டார். போனது. ஒன்றேகாலுக்கு, துணி வெட்டுகிற சாஃப்ட்வேர்தான் வில்லன் என்று முடிவு கட்டி அதையே வெளியே தூக்கிப் போட்டார். எம்பிராய்டரி அழகாக ஓடியது. அணைத்துப் போட்டார். வெளியே போட்டது உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. இவர் திரையை அப்படிப் பார்த்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். புதைத்துவிட்டு வந்த ஆள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்.

"இது வைரஸ்" என்றார்.

அம்மா சாசரோடு டீ கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள்.

"அவர வெளிய கூட்டிட்டுப் போடி. அரை மணி நேரம் போதும்."

"எங்க கூட்டிட்டுப் போறது? அவர் அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டார். நீயே சொல்லிரும்மா. சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட எப்படிச் சொல்லுவ? அப்படிச் சொல்லு."

"நீயும் அவரும் ஒன்னா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே இவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தானே என்று தோன்றியது.

"ரெண்டே கால் ஆச்சு" என்றார் கட்டிங் அக்கா, தலை நிமிராமல். பன்னிரண்டு கோட்டுக்கு எழுபத்திரண்டு நிமிடம். இரண்டே முக்காலுக்குள் ஊசி ஓடத் தொடங்கவில்லை என்றால் நாலு மணிக்கு முடியாது. அம்மா இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இன்னும் அரை மணி நேரத்தில் போய்விடும். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளை மரியாதையையும் கடையையும் இரண்டு கையில் வைத்து எதைக் கீழே போடுவது என்று அவள் நிஜமாகவே தவித்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. சத்தியமாவது ஒன்றாவது, நானே சொல்லிவிடுவது என்று முன்னறைக்குப் போனேன்.

இவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"ஒரே வழிதான் அத்தை. கம்ப்யூட்டர மொத்தமா துடைச்சிட்டு முதல்ல இருந்து எல்லாத்தையும் போட்டுடலாம். மூணு மணி நேரம் ஆகும். ஒரு பென்டிரைவ் வேணும். உங்க கழுத்துல இருக்கிறதக் குடுங்க, அதத் துடைச்சிட்டு—"

அவர் கையை நீட்டினார். அம்மா பென்டிரைவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

நாலு வருடத்தில் அவள் இவரிடம் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்னவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மடை திறந்துவிட்டது, இனி மூட முடியாது.

"அதுல என் டிசைன் அத்தனையும் இருக்கு. அதத் துடைக்கணுமா? காலையில இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். சரி பண்றது, கெடுக்கிறது, சரி பண்றது, கெடுக்கிறது. நல்லா ஓடுற மெஷினப் போட்டு எத்தன தடவ அணைப்பீங்க? வேண்டாம் வேண்டாம்னு ஒருத்தி தொண்ட கிழியச் சொல்றாளே, அது காதுல விழ வேண்டாமா? வைரஸாம் வைரஸ். ஒரு வைரஸும் இல்ல. கடை திறந்த அன்னைக்கு நீங்க போட்டீங்களே ஒரு காவல், அதுதான் ராத்திரி பகலா எங்க உசுர எடுக்குது."

தொண்டை கிழிய அவள் ஒருமுறையும் சொல்லவில்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் சுட்டிக்காட்டவில்லை. துணிக்குள்ளிருந்து நோட்டை உருவி அவர் மடியில் போட்டாள். எட்டு மாதம் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்துப்போன நோட்டு. தலைப்பில் மெக்கானிக்கின் கையெழுத்து: மாப்பிள்ளை புரோகிராமைச் சமாளிக்கும் முறை.

இவர் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். காது சிவந்தது.

"எட்டு மாசமாவா?"

கட்டிங் அக்கா, "ரெண்டு இருபது" என்றார்.

இவர் திரும்பிக் கணினியில் எதையோ அழுத்தினார். ஒளிந்திருந்த காவல்காரர் வெளியே வந்து கடவுச்சொல் கேட்டார். இவர் கையை விசைப்பலகை மேல் வைத்தார். எடுத்தார். மையத்தில் போடுகிற கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார், ஏற்கவில்லை. என் பிறந்த நாளைப் போட்டார், அதையும் ஏற்கவில்லை. கல்யாண நாளைப் போடுகிறபோது வருடத்தைத் தப்பாகப் போட்டார். அதை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

"மறந்துட்டேன் அத்தை" என்றார், சின்னக் குரலில்.

அம்மா நூல்கட்டை போட்டுவைக்கிற பாபின் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தாள். "அன்னைக்கு நீங்கதானே எழுதிக் குடுத்து பத்திரமா வச்சுக்கச் சொன்னீங்க."

சீட்டில் 'மறக்காதே' என்று எழுதி, பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று போட்டிருந்தது. அவர் அடித்தார். காவல்காரர் தலைவணங்கினார்.

"இது கையிலயே இருந்துச்சே. என்னைக் கேக்காமலே என்னைக்கோ எடுத்திருக்கலாமே அத்தை. ஏன் எடுக்கல?"

"நீங்க போட்டதாச்சே" என்றாள் அம்மா. அவளுக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அவர் நோட்டை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

காவலை எடுக்கவும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்டார். பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு படியாக, நல்ல பிள்ளையாகச் செய்தார். பழகிய கை, பதினோரு படியும் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. துண்டுத் துணியில் ஓட்டினார். இரண்டரை சென்டிமீட்டர். அம்மா சட்டத்தில் முதல் கோட்டை மாட்டினாள். மணி இரண்டு நாற்பத்திரண்டு.

ஊசி இறங்கப் போகிற நேரத்தில் இவர் கை, பாழாய்ப்போன பழக்கம், மெல்ல சுவிட்சுப் பக்கம் நகர்ந்தது.

"ஒரே ஒரு தடவ, சும்மா செக் பண்ணி—"

"கைய எடுங்க" என்றாள் அம்மா. "பட்டும் புத்தி வரலையே. எழுந்திருங்க முதல்ல. அந்த நாற்காலி பக்கமே இனி வரக் கூடாது. அங்க போய் உக்காந்து நூல் வெட்டுங்க. ஆபீஸ் சட்டையோட உக்காராதீங்க, பஞ்செல்லாம் ஒட்டும். அந்தப் பாழாப்போன கோட்ட மேல போட்டுக்கங்க. எல்லாத்தையும் நான் சொல்லணுமா?"

இவர் எழுந்தார். கழுத்திலிருந்து வயிறுவரை எரிகிற கோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கத்தரியைக் கொடுத்தேன். ஆறிப்போன டீயைச் சாசரை விட்டுவிட்டுக் கப்பை மட்டும் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வாய் ஒரு காது முதல் மறு காதுவரை போயிருந்தது.

"கேட்டியா?" என்றார் என்னிடம், மெதுவாக.

"தெருவே கேட்டுச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. ஊசி ஓடியது, கட்டிங் அக்கா மணி சொன்னார், நான் தேய்த்தேன், இவர் நூல் வெட்டினார். இடையில் அம்மா இவர் வெட்டியதில் ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்து, "காலர்ல நூல் தொங்குது, கண்ணு எங்க இருக்கு?" என்றாள். "இதோ அத்தை" என்று ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். நூற்றிருபதாவது கோட்டு மூன்று ஐம்பத்தாறுக்கு இறங்கியது.

தலைமை நர்ஸ் நாலு மணிக்கு வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து கோட்டைப் பிரித்துப் பார்த்தார். பையிலிருந்து ஒரு அடிக்கோலை எடுத்துச் சுடரை அளந்தார். "சுத்தமா இருக்கும்மா. மத்த ரெண்டு கட்டடத்துக்கும் அளவு எடுக்க திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். அம்மா சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

போகிறபோது தலைமை நர்ஸ் மூலையில் தீப்பிடித்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார். "இது யாரு?"

இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் நாலு வருடமாக ஒரே பதில்தான். எங்க மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு என்பாள். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நம்ம பையன்தான்" என்றாள் அம்மா. "நூல் வெட்டுறான்."

இவர் தலை நிமிரவில்லை. கையிலிருந்த உபரிக் கோட்டில் வெட்ட ஒரு நூலும் இல்லை. வண்டி கிளம்பிப் போகிறவரை அதில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.